க்னிகே: ஆளின் பெயர் அகராதிச் சொல்லான கதை

ஜெர்மன் அகராதியான டூடனில் ‘க்னிகே’ பொதுப்பெயராக இருக்கிறது. நடத்தை நெறிகளைச் சொல்லும் கையேடு என்று பொருள். பிராங்பேர்ட்டில் வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலைக்குச் சேரும் தமிழர் புத்தகக் கடைக்குப் போனால் ‘பிசினஸ் க்னிகே’ என்ற தலைப்பைப் பார்க்கலாம். கைகுலுக்கும் முறை, உடை, ‘ஸீ’ என்ற ‘நீங்கள்’ விளியிலிருந்து ‘டூ’ என்ற ‘நீ’ விளிக்கு மாறும் சமயம் எல்லாம் அவ்வகை நூல்களில் இருக்கும்.

பெயருக்கு உரியவரின் அக்கறை வேறு. அடோல்ஃப் க்னிகே 1752இல் ஹனோவருக்கு அருகே பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். 14 வயதில் தந்தையை இழந்தார், கடன்தான் மிஞ்சியது. காசல் அரண்மனையில் பதவி கிடைத்தும், அங்கிருந்த பூசல்களால் நிலைக்க முடியவில்லை. பிறகு ஹனாவ் அரண்மனை, 1780இல் பிராங்பேர்ட். அங்கே வாழ்ந்த ஆண்டுகளில் இலுமினாட்டி என்ற ரகசியச் சங்கத்துக்கு ஆள் சேர்த்து வளர்த்தார். அதை நிறுவிய வைஸ்ஹாப்ட்டோடு மனம் கசந்து 1784இல் விலகினார்.

இவ்வளவு பட்டவர் 1788இல் வெளியிட்ட நூல்தான் ‘மனிதரோடு பழகுவது பற்றி’. படிப்பும் அறிவும் உள்ளவர்கள் பிறரிடையே ஏன் தோற்கிறார்கள் என்ற கேள்வியோடு அது தொடங்குகிறது. தன்னோடு தான் பழகுவதற்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. 1796இல் அவர் இறந்த பிறகு, வேறு கைகள் திருத்திய பதிப்புகளில் ஆசார விதிகள் புகுந்தன. மனிதரை அறியச் சொன்னவரின் பெயர், கரண்டி பிடிக்கும் விதிகளுக்கு ஆகிவந்தது.

நூலின் தலைப்பில் உள்ள ஜெர்மன் சொல் ‘உம்காங்’. ‘உம்’ என்றால் சுற்றி, ‘காங்’ என்றால் நடை. ஒருவரோடு புழங்குவது என்று நாம் சொல்வதற்கு இது வெகு நெருக்கம்.

இப்படிப் பழகும் திறனுக்கு இன்று வேலையிடங்களில் வழங்கும் ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ என்ற பெயர் வந்த வழி வேறு. அமெரிக்க ராணுவப் பயிற்சித் துறையினர் 1972இல் கூடிப் பேசியபோது, இயந்திரங்களோடு அதிகத் தொடர்பில்லாத வேலைத்திறன்களை அப்பெயரால் குறித்தார்கள். அதைத்தான் நாம் ‘மென்திறன்’ ஆக்கிக்கொண்டோம். மென்மை என்ற அடைமொழி, அது எளிது, இரண்டாம்பட்சம் என்ற எண்ணத்தை விதைத்துவிடுகிறது.

தமிழில் ஏற்கெனவே ‘பழகு’ இருக்கிறது. சிலம்பம் பழகுகிறோம், வண்டி ஓட்டப் பழகுகிறோம், மனிதரோடும் பழகுகிறோம். பயிற்சிக்கும் உறவுக்கும் ஒரே வினை. கூட்டத்தில் எதிர்க்கருத்தை முழுக்கக் கேட்பது, தவறைச் சுட்டும்போது ஆளைக் காயப்படுத்தாதிருப்பது, தெரியாததைத் தயங்காமல் கேட்பது எல்லாம் செய்து செய்து கைவருபவை. இரண்டு நாள் பயிலரங்கில் விதிகளை மனப்பாடம் செய்தால் கிடைப்பது பிற்காலத்தார் திரித்த க்னிகே. அன்றாடம் சக ஊழியரை உற்றுக் கவனித்துப் பழகினால்தான் அந்த மனிதர் எழுதியது வசப்படும்.