நிக்ஸி கடிகாரம் ஓவரா சூடாகுதா? தொட்டுப் பார்க்கும் முன் இதைப் படிங்க!

கண்ணாடிக் குழாய்க்குள் ஆரஞ்சு நிறத்தில் எண்கள் ஒளிரும் நிக்ஸி ட்யூப் கடிகாரத்தை வீட்டிலேயே செய்பவர்கள் பலர். ஆனால் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ‘ஏதோ ஒரு பார்ட் கொதிக்குதே’ என்பதுதான் பலரது புலம்பல். எது சூடாகிறது, ஏன், என்ன செய்யலாம்? பார்க்கலாம்.

முதலில் எச்சரிக்கை

‘12 வோல்ட் அடாப்டர்தானே’ என்று அசால்ட்டாக இருக்காதீங்க. ட்யூப் எரிய சுமார் 170 வோல்ட் டிசி வேண்டும். போர்டில் உள்ள பூஸ்ட் சர்க்யூட் 12 வோல்ட்டை அந்த அளவுக்கு உயர்த்துகிறது. அதில் உள்ள மாஸ்ஃபெட்டின் உலோக முதுகிலும் இந்த உயர் அழுத்தம் இருக்கும். சூடு பார்க்க விரல் வைத்தால் ஷாக் நிச்சயம். அடாப்டரைக் கழற்றினாலும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மல்டிமீட்டரில் வோல்டேஜ் இறங்கியதை உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும்.

ட்யூப் சூடாவது காரணமா?

இல்லை. பழைய ரேடியோ வால்வு போல இதில் ஹீட்டர் இழை கிடையாது. உள்ளே இருப்பது நியான் வாயு. லேசான வெதுவெதுப்பு சகஜம்தான்.

எவ்வளவு கரண்ட் சரி?

ஒரு ட்யூப்புக்கு 2.5 மில்லி ஆம்பியர் என்றால், 6 ட்யூப்புக்கு 15 மில்லி ஆம்பியர். 170 வோல்ட்டில் இது சுமார் 2.5 வாட். பூஸ்ட் சர்க்யூட்டின் இழப்பையும் சேர்த்தால், 12 வோல்ட் பக்கம் ட்யூப்களுக்காக 0.3 ஆம்பியர் போதும். அதைவிட ரொம்ப அதிகமாக இழுத்தால், எங்கோ வீணாகிறது என்று அர்த்தம்.

குற்றவாளிகள் யார்?

7805 ரெகுலேட்டர்: 12 வோல்ட்டை 5 ஆக்க, மீதி 7 வோல்ட்டை இது வெப்பமாகவே வெளியேற்றும். 200 மில்லி ஆம்பியர் ஓடினால் 1.4 வாட். ஹீட் சிங்க் இல்லாவிட்டால் அதன் உட்பகுதி அறை வெப்பத்தைவிட சுமார் 90 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். எல்லை மீறினால் தானே நின்றுவிடும். கடிகாரமும் ரீசெட் ஆகும். தீர்வு: ஹீட் சிங்க், அல்லது அதற்குப் பதில் ஒரு பக் கன்வெர்ட்டர்.

டையோடு: கையில் இருக்கிறதே என 1என்4007 போட்டிருந்தால் மாற்றிடுங்க. பூஸ்ட் சர்க்யூட்டின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. யுஎஃப்4007 போன்ற அதிவேக டையோடு தேவை.

காயில்: கரண்ட் தாங்கும் திறன் குறைந்த காயில் என்றால் அதன் கோர் திணறிவிடும். கரண்ட் எகிறி, மாஸ்ஃபெட்டும் சேர்ந்து கொதிக்கும்.

மாஸ்ஃபெட்: எம்சி34063 சிப்பால் இதன் கேட்டை வேகமாக அணைக்க முடியாது. பாதி அணைந்த நிலையில் கழியும் நேரமெல்லாம் வெப்பம்தான். கேட் பக்கம் ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர் சேர்த்தால் சூடு நன்றாகக் குறையும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பவரை நிறுத்தி, ட்யூப்களைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓட விடுங்க. அப்போதும் மாஸ்ஃபெட் சூடானால் கோளாறு பூஸ்ட் சர்க்யூட்டில். சூடாகாவிட்டால் ட்யூப்களின் கரண்ட், ஆனோடு ரெசிஸ்டர் மதிப்பு இரண்டையும் சரிபாருங்க.

கடைசியாக, காற்றுத் துளை இல்லாத மரப் பெட்டியில் அடைக்காதீங்க. மேசையில் கூலாக ஓடிய போர்டும் பெட்டிக்குள் போனதும் கொதிக்கும்.

சூடு குறையும் வரை, ஆளில்லாத வீட்டில் கடிகாரத்தை ஓட விட வேண்டாம்!