ஜாக்கெட் கொடுத்தார்கள், தோள்சீலை கொடுக்கவில்லை

ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. வரலாற்று நூலில் உடை பற்றி ஒரு பாடம் இருந்தது. விக்டோரியா காலத்து இங்கிலாந்துப் பெண்களின் உடையும், திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டமும் அதே பாடத்தில்தான் வந்தன. 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. சாதியும் உடையும் பற்றிய பகுதியை மட்டும் தேர்விலிருந்து நீக்கியது. இங்கிலாந்துப் பெண்களின் கார்செட் தப்பித்தது. 2019-ல் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். தோழர்களே, அந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும்.

1850-களில் ஒரு இங்கிலாந்துச் சீமாட்டியின் பகல் உடையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பகுதி தனித்தனித் துண்டுகளாக வெட்டப்பட்டு, உள்ளே பருத்தி லைனிங் வைத்துத் தைக்கப்பட்டது. முன்பக்கம் டாட் பிடித்து, தையல்களுக்குள் திமிங்கிலத்திடமிருந்து எடுத்த வளையும் பட்டைகளைச் செருகினார்கள். தோள்தையல் கீழே இறங்கியிருந்ததால் கையை மேலே தூக்க முடியாது. பாவாடைக்குப் பல கஜம் துணி. 1856-க்குப் பிறகு அதைத் தாங்க கிரினோலின் என்கிற எஃகுக் கூண்டு. இதைப் போட்டுக்கொண்டு தண்ணீர்க்குடம் தூக்க முடியாது, களை பறிக்க முடியாது. முடியாது என்று காட்டுவதற்குத்தான் அந்த உடையே.

பகலில் கழுத்துவரை மூடிய அதே பெண், இரவு விருந்துக்குத் தோள் தெரியும் உடையில் போவாள். அது அங்கே கௌரவம். ஆக, மூடுவதா திறப்பதா என்பதல்ல கணக்கு. யார், எந்த நேரத்தில், யார் முன்னால் என்பதே கணக்கு. வேலைக்காரப் பெண்களும் கிரினோலின் அணியத் தொடங்கியபோது லண்டன் 'பஞ்ச்' இதழ் படம் போட்டுக் கிண்டலடித்தது. ஆனால் அவர்கள் துணியைச் சந்தையில் வைத்து யாரும் கிழிக்கவில்லை.

இங்கே கிழித்தார்கள். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைக்கக் கூடாது என்பது வழக்கம். கிறிஸ்தவத்துக்கு வந்த பெண்களுக்காக நாகர்கோவில் பகுதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்தவர்கள் குப்பாயம் என்ற தளர்வான குட்டைக்கை மேல்சட்டையைக் கொண்டுவந்தார்கள். (அப்போது விக்டோரியா அரியணைக்கே வரவில்லை.) டாட் கிடையாது, பட்டை கிடையாது. சீமாட்டி உடையின் வடிவத்தை விட்டுவிட்டு மூடும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்ட சட்டை அது.

மிஷனரிகள்தான் நம் பெண்களுக்கு வெட்கத்தைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெண்கள் சட்டையோடு திருப்தி அடைந்திருந்தால் அந்த வாதத்துக்கு இடமுண்டு. அவர்கள் சட்டைக்கு மேலே, ஆதிக்க சாதிப் பெண்களைப் போலவே தோள்சீலையையும் போட்டார்கள். கலவரம் வெடித்தது அதற்குத்தான். 1829 அரச ஆணை கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்து, தோள்சீலையைத் தடுத்தது. உடம்பை மறைப்பது அரசுக்குப் பிரச்சினையே இல்லை, அடையாளம் குழம்புவதுதான் பிரச்சினை.

1858 நவம்பரில் விக்டோரியா அரசியின் பிரகடனம் வந்தது. அதையொட்டிய மாதங்களில் பெண்களின் மேலாடைகள் பறிக்கப்பட்டன, ஆலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. சென்னை அரசு நெருக்கியதும் 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் மகாராஜா புது ஆணை போட்டார். இந்து நாடார் பெண்களும் ஜாக்கெட் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கட்டலாம், வேறு எப்படியும் மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. இதைத்தான் வெற்றி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். வேலி அப்படியே நின்றது, கொஞ்சம் தள்ளி நட்டார்கள், அவ்வளவுதான்.

1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் பெண்களிடம் பேசியதும் இதையொட்டியதே. சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டாதீர்கள், மற்றப் பெண்கள் கட்டுவது போலக் கட்டுங்கள், சாதியைக் காட்டிக்கொடுக்கும் கனத்த வெள்ளி நகைகளை விடுங்கள் என்றார். "மற்றவர்களைப் போல" என்பதே அங்கே கலகம்.

இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஜே. எச். ஹட்டன் அவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார்: பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, ஆண்களுக்குச் சட்டை, பனியன், குடை, செருப்பு கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின.

இன்று திண்டுக்கல் கடைவீதியில் எந்தத் தையற்கடையிலும் "லைனிங் ஜாக்கெட்டா, சாதாவா?" என்றுதான் கேட்கிறார்கள். 1859 ஆணையின் ஆங்கிலத்தில் இருப்பதும் அதே 'ஜாக்கெட்' என்கிற சொல்தான். உங்கள் சேரியில் எண்பது வயதைத் தாண்டிய அப்பத்தாக்கள், அம்மாச்சிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மா முதன்முதலில் ரவிக்கை போட்டது எப்போது, யார் தைத்தது, பண்ணைக்காரர் வீட்டுப் பக்கம் போகும்போது என்ன செய்தார் என்று கேளுங்கள். வருஷம் நினைவில் இருக்காது. யாருடைய கல்யாணத்துக்கு முன்னாடி என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி, ஊர் பெயரோடு அனுப்புங்கள்.