புதிய நாடகாசிரியர்களை வளர்த்த நாடக சபைகள்: புதுக்கோட்டைத் தொடர்புகளும் தமிழ் மேடையும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழகத்தில் இயங்கிய தொழில்முறை நாடக சபைகள், நடிகர்களின் பயிற்சிக்கூடங்களாகவே பெரிதும் அறியப்படுகின்றன. பி. யு. சின்னப்பா, எம். ஜி. ராமச்சந்திரன், என். எஸ். கிருஷ்ணன் ஆகியோர் சபைகளில் வளர்ந்து திரைக்குச் சென்றவர்கள். இச்சபைகளுக்கு மற்றொரு பணியும் இருந்தது. புதிய நாடகங்களை மேடையேற்றியதன் வழியாக அவை புதிய நாடகாசிரியர்களையும் உருவாக்கின. இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் அக்காலத்தில் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானமாக இருந்தது. 1948இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. 1974இல் தனி மாவட்டமாயிற்று. சபை வரலாற்றின் வெவ்வேறு கட்டங்களில் இவ்வூரின் பெயர் இடம்பெறுகிறது.

சங்கரதாஸ் சுவாமிகளும் புதுக்கோட்டையும்

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவருடைய இசைப் பயிற்சியில் புதுக்கோட்டைக்குப் பெரும் பங்குண்டு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் அவர் தாள நுட்பங்களைக் கற்றார். சுவாமிகளின் புலமையைக் கண்ட பிள்ளை அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார் என்பர். சுவாமிகளின் நாடகப் பாடல்களில் காணப்படும் சந்த அமைப்புக்கும் தாளக்கட்டுக்கும் இந்தப் பயிற்சி அடித்தளமாக அமைந்தது.

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள் முதலான நாடகங்களை அவர் எழுதினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் சபையைத் தொடங்கினார். அச்சபையில் சேர்ந்த டி. கே. சண்முகத்திற்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்ற செய்தி நாடக உலகில் புகழ்பெற்றது. எந்தச் சிறுவனுக்கு எந்தக் குரல், எவனுக்கு எந்த வேடம் பொருந்தும் என்பதை நாள்தோறும் கண்டறிந்த ஆசிரியரால்தான் அவ்வளவு விரைவில் எழுத முடிந்தது. நாடகாசிரியர் சபைக்குள்ளேயே வாழ்ந்ததன் பயன் இது.

சிறுவர் சபையின் அமைப்பு

சிறுவர் சபைகளில் நடிகர்கள் அனைவரும் ‘கம்பெனி வீடு’ எனப்பட்ட ஒரே வீட்டில் தங்கி, உண்டு, பயின்றனர். பாடமும் பாட்டும் சொல்லிக்கொடுத்தவர் ‘வாத்தியார்’. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பாலபார்ட், பபூன் என வேடங்கள் வகுக்கப்பட்டிருந்தன. ஓர் ஊரில் முகாமிட்டுச் சில வாரங்களோ மாதங்களோ நாடகங்கள் நடத்திய பின் அடுத்த ஊருக்குச் செல்வர்.

புதுக்கோட்டையில் 1916இல் பிறந்த பி. யு. சின்னப்பா இம்முறையில் வளர்ந்தவர். அவருடைய தந்தை உலகநாத பிள்ளையும் நாடக நடிகரே. சின்னப்பா தத்துவ மீனலோசனி சபையில் சிறிது காலம் இருந்தபின், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் மாதம் 15 ரூபாய் ஊதியத்தில் சேர்ந்தார். அவருடைய பாட்டுத் திறனை அறிந்த நிர்வாகம் பின்னர் அதை 75 ரூபாயாக உயர்த்தியது.

இம்முறையின் கடுமையையும் மறைக்க இயலாது. சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து, ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தனர். அடியும் தண்டனையும் பாடத்தின் பகுதியாகவே கருதப்பட்டன. பருவ மாற்றத்தில் குரல் உடையும் ‘மகரக்கட்டு’க் காலம் வந்தால், அதுவரை முன்னணியில் இருந்த சிறுவனின் எதிர்காலமே கேள்விக்குறியாகும்.

புதிய நாடகங்களின் தேவை

சுவாமிகள் 1922இல் மறைந்தார். டி. கே. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய டி. கே. எஸ். சகோதரர்கள் 1925இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கினர். தொடக்கத்தில் அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் சுவாமிகளின் புராண நாடகங்கள். அவற்றையே எல்லாச் சபைகளும் நடித்துவந்ததால், ஒரு சபை தனித்து நிற்கப் புதிய நாடகம் தேவைப்பட்டது.

இம்மாற்றத்திற்கு வழிவகுத்தவர்களுள் எம். கந்தசாமி முதலியார் குறிப்பிடத்தக்கவர். ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் புதினங்கள் அவர் முயற்சியால் உரைநடை நாடகங்களாயின. நிருபமா தேவியின் வங்காளப் புதினத்தைத் தழுவி டி. கே. முத்துசாமி ‘குமாஸ்தாவின் பெண்’ நாடகத்தை எழுதினார். இது 1941இல் திரைப்படமாயிற்று. பி. எதிராஜுலு எழுதிய ‘அவ்வையார்’ நாடகத்தில் முதன்மை வேடமேற்ற சண்முகம் ‘அவ்வை சண்முகம்’ என்றே அழைக்கப்பட்டார். பி. நீலகண்டனின் ‘முள்ளில் ரோஜா’, ஏ. எஸ். ஏ. சாமியின் ‘பில்ஹணன்’ ஆகியனவும் இச்சபை நடித்தவை. நீலகண்டனும் சாமியும் பிற்காலத்தில் திரைப்பட இயக்குநர்களாகப் பெயர்பெற்றனர்.

அந்தமான் கைதி

இந்த வரிசையில் புதுக்கோட்டையின் பங்களிப்பு கு. சா. கிருஷ்ணமூர்த்தி (1914–1990). ‘கு. சா. கி.’ எனப்பட்ட இவர் புதுக்கோட்டையில் வாழ்ந்த நாடகாசிரியர், பாடலாசிரியர், நாடக வரலாற்று நூலாசிரியர். இவருடைய ‘அந்தமான் கைதி’யை டி. கே. எஸ். சகோதரர்கள் மேடையேற்றினர், சண்முகம் நாயகன் நடராஜனாக நடித்தார். சொத்தாசையால் உறவினரையே அழிக்கும் மாமனைக் கொன்று அந்தமான் சிறைக்குச் செல்லும் இளைஞனின் கதை இது. தேவர்களும் அரசர்களும் உலவிய மேடையில் சமகாலக் குடும்பமும், சட்டமும், சிறையும் இடம்பெற்றன. 1952இல் எம். ஜி. ராமச்சந்திரன் நடிக்க இது திரைப்படமாக வெளிவந்தது.

புதிய எழுத்தாளர் ஒருவரின் நாடகத்தை ஏற்பது சபைக்குப் பெரும் துணிவு. புதிய காட்சித் திரைகளும் உடைகளும் வேண்டும். ஒத்திகைக்குப் பல நாட்கள் ஒதுக்க வேண்டும். வசூல் குறைந்தாலும் அத்தனை பேருக்கும் சோறு போட்டாக வேண்டும். நன்கு ஓடும் பழைய நாடகங்களின் வருவாயே புதியவற்றின் இழப்பைத் தாங்கியது.

நாடகப் போட்டி

1940களில் டி. கே. எஸ். சகோதரர்கள் புதிய ஆசிரியர்களைத் தேடி நாடகப் போட்டியொன்றை நடத்தினர். அதில் பரிசு பெற்ற அரு. ராமநாதனின் ‘இராஜராஜ சோழன்’ 1955இல் மேடையேறியது. 1973இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக அதை இயக்கிய ஏ. பி. நாகராஜன், டி. கே. எஸ். சபையில் சிறுவனாகப் பயின்றவர். அச்சபையில் வளர்ந்த கே. ஆர். ராமசாமி பின்னர் தனிக் குழு அமைத்து, அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’, ‘ஓர் இரவு’ நாடகங்களை நடித்தார். ஒரு சபையில் பயின்றவர் மற்றோர் ஆசிரியருக்கு மேடை தரும் தொடர்ச்சி இவ்வாறு உருவானது.

பாலே குழுக்களோடு ஒப்பீடு

ஐரோப்பிய பாலே நடனத்திலும் இதற்கு இணையான முயற்சிகள் உண்டு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1958இல் தொடங்கப்பட்ட நோவேர் சங்கம், இளம் நடன அமைப்பாளர்கள் தம் புதிய ஆக்கங்களை அரங்கேற்ற மாலை நிகழ்ச்சிகளை நடத்தியது. ஜான் கிராங்கோ தலைமையில் இயங்கிய ஸ்டுட்கார்ட் பாலே குழுவின் கலைஞர்கள் அவற்றில் ஆடினர். ஜான் நியூமையர், யிரி கிலியான், வில்லியம் ஃபோர்சைத் ஆகியோர் அவ்வாறு அறிமுகமானவர்களே. எழுத்தாளர் காகிதத்தில் தனியே எழுதிவிடலாம். நடன அமைப்பாளருக்கோ தொடக்கம் முதலே ஆடும் உடல்கள் வேண்டும். எனினும் நாடகமும் நடிகர் வாயில் ஒலித்த பிறகே தன் குறையையும் நிறைவையும் காட்டும். இரு கலைகளுக்கும் நிலையான குழு தேவைப்படுவது இதனால்தான்.

சபைகளுக்குப் பின்

பேசும்படம் நடிகர்களையும் ஆசிரியர்களையும் ஒருங்கே ஈர்த்தது. ஷண்முகானந்த சபை 1950இல் நிறுத்தப்பட்டது. சகோதரர்கள் பின்னர் புதிய குழுவாக இயங்கினர். பி. யு. சின்னப்பா 1951இல் மறைந்தார்.

சபைகள் மறைந்தபோதும் சுவாமிகளின் நாடகங்கள் மறையவில்லை. புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய வள்ளி திருமணம் நடைபெறுகிறது. ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் இம்முறையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக் கலைஞர் என ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு, ஒத்திகையின்றி மேடையில் சந்திக்கின்றனர். எல்லோரும் ஒரே நாடகத்தை மனப்பாடமாக அறிந்திருப்பதால்தான் இது இயலுகிறது. யாரும் அறியாத புதிய நாடகத்திற்கு இம்முறையில் இடம் அரிது. நடிகர்கள் தனித்தனியே வாழ்ந்து பழைய நாடகத்தைக் காத்துவிட்டனர். புதியதொரு நாடகம் பிறக்கத் தேவையான ஒத்திகை நாட்களும், இழப்பைத் தாங்கும் முதலும், ஒன்றாக வாழும் குழுவும் சபைகளோடு போய்விட்டன. இன்று இளம் நாடகாசிரியர்களை ஊக்குவிக்க விரும்புவோர் முதலில் சீர்செய்ய வேண்டிய இழப்பு இதுவே.