சுவிட்சர்லாந்து: பனிமலைக்குப் பின்னே இருக்கும் மனிதர்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சுவிட்சர்லாந்தில் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இந்த நாட்டின் பெயரைக் கேட்டதும் உங்கள் கண்முன் என்ன வருகிறது? வெள்ளைப் பனி, பச்சைப் புல்வெளி, கழுத்தில் மணி கட்டிய பசுக்கள், நடுவே ஆடிப் பாடும் கதாநாயகனும் கதாநாயகியும். நம்மில் பலர் அந்த நாட்டை முதன்முதலில் பார்த்தது திரைப்படப் பாடல் காட்சியில்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால், ஒரு கேள்வி. அவ்வளவு உயரமான மலைக்கு ரயில் எப்படிப் போயிற்று? பாறையைக் குடைந்தது யார்? அவர்களுடைய பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? இந்தக் கேள்வியோடு சில இடங்களுக்குப் போய் வருவோம், வாருங்கள்.

சுவிட்சர்லாந்து சிறிய நாடு. பரப்பளவு ஏறத்தாழ 41,000 சதுர கிலோமீட்டர். நமது பகாங் மாநிலத்தைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். அதிலும் பாதிக்கு மேல் ஆல்ப்ஸ் மலை. இன்று உலகின் பணக்கார நாடுகளில் ஒன்று. ஆனால், பல நூற்றாண்டுகளாக அந்த மலைக்கிராமங்களில் வறுமைதான் குடியிருந்தது. உழுவதற்கு நிலம் போதாது. பனிக்காலமோ நீண்டது. பிழைக்க வழி தேடி இளைஞர்கள் வெளியேறினார்கள். எங்கே போனார்கள்? அயல்நாட்டு மன்னர்களின் படைகளுக்குக் கூலி வீரர்களாகப் போனார்கள்.

சாகும் சிங்கம்

முதல் இடம், லூசர்ன் நகரம். ஏரிக்கரையில் அழகான ஊர். 14ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மரப்பாலம் ஒன்று அங்கே உண்டு. 1993இல் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோனது. மறு ஆண்டே திருப்பிக் கட்டிவிட்டார்கள். எல்லாரும் அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், செங்குத்தான ஒரு பாறையில் செதுக்கிய சிங்கத்தைப் பார்க்கலாம். நீளம் சுமார் 10 மீட்டர். உடலில் ஈட்டி பாய்ந்து, சாகும் நிலையில் படுத்திருக்கிறது.

1792 ஆகஸ்ட் 10ஆம் தேதி, பிரெஞ்சுப் புரட்சியின்போது, பாரிசில் மன்னரின் அரண்மனையைக் காத்து நின்ற சுவிஸ் வீரர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் நினைவாக 1821இல் இந்தச் சிங்கம் திறக்கப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த சிற்பி தோர்வால்ட்சன் இதை வடிவமைத்தார்.

சிங்கத்தின் முகத்தைப் பார்ப்பவர்கள் அதற்குக் கீழே உள்ள எழுத்துகளையும் பார்க்க வேண்டும். அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சாதாரண வீரர்களுக்கோ ஓர் எண்தான் இருக்கிறது: மாண்டவர்கள் 760. பசிக்காகப் படையில் சேர்ந்து, பிறர் நாட்டு மன்னருக்காக உயிரை விட்ட அந்த ஏழைப் பிள்ளைகள் வெறும் எண்ணிக்கையாகிவிட்டார்கள்.

கூலி கிடைக்காத சாத்தான்

லூசர்னிலிருந்து தெற்கே போனால் கோத்தார்ட் மலை. வட ஐரோப்பாவையும் இத்தாலியையும் இணைக்கும் பழைய வழி இது. அந்த வழியில் ஷொல்லனன் என்ற பள்ளத்தாக்கில், பொங்கிப் பாயும் ஆற்றின் மேல் 'சாத்தான் பாலம்' இருக்கிறது. முதல் பாலம் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்று நாம் பார்ப்பவை 1830இலும் 1958இலும் முடிக்கப்பட்ட பாலங்கள்.

இதற்கு ஊர் மக்கள் சொல்லும் கதை சுவையானது. பாலம் கட்ட முடியாமல் தவித்தவர்களிடம் சாத்தான் வந்தானாம். "நான் கட்டித் தருகிறேன். முதலில் பாலத்தைக் கடக்கும் உயிர் எனக்கு" என்றானாம். பாலம் எழும்பியது. மக்கள் ஓர் ஆட்டை முன்னால் விரட்டிவிட்டார்கள். சாத்தான் ஏமாந்து போனான். கதையைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் அந்த மலையில் உழைத்துவிட்டு ஏமாந்தவன் சாத்தான் மட்டும் அல்ல.

15 கிலோமீட்டர் இருட்டு

அதே மலையில் 1872இல் ரயில் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். வடக்கே கோஷெனன், தெற்கே ஐரோலோ. இரண்டு பக்கமிருந்தும் குடைந்து நடுவில் சந்திக்க வேண்டும். நீளம் 15 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான ரயில் சுரங்கம் அதுதான். ஒப்பந்தம் எடுத்தவர் லூயி ஃபாவ்ர். எட்டு ஆண்டுகளில் முடிக்க வேண்டும். தாமதமானால் கடுமையான அபராதம். அந்த அவசரம் யார் தலையில் விடிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். சுரங்கத்தின் உள்ளே வெப்பம் 30 பாகைக்கு மேல். வெடிமருந்துப் புகை வெளியேற வழியில்லை. கழிவறை வசதி கிடையாது. 1875 ஜூலை மாதம் கோஷெனனில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நல்ல காற்றும் கூடுதல் கூலியும் கேட்டார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. நால்வர் மாண்டார்கள்.

குண்டுக்குத் தப்பியவர்களை நோய் பிடித்துக்கொண்டது. முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, நடக்க முடியாமல் விழுந்தார்கள். 1880இல் இத்தாலியின் தூரின் நகர மருத்துவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: கொக்கிப்புழு. மனிதக் கழிவு கலந்த ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் புழு. இந்தப் பெயரைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவு வந்திருக்கும். மலாயாத் தோட்டப் புறங்களில் நம் தாத்தா பாட்டிகளை வாட்டி எடுத்ததும் இதே புழுதான்.

1880 பிப்ரவரி இறுதியில் இரு பக்கச் சுரங்கங்களும் சந்தித்தன. அதைக் காண ஃபாவ்ர் உயிரோடு இல்லை. 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே மாரடைப்பால் இறந்துபோனார். துளை விழுந்ததும் முதலில் அவருடைய படத்தைத்தான் அதன் வழியே அனுப்பினார்களாம். 1882இல் ரயில் ஓடியது. விபத்தில் மட்டும் ஏறத்தாழ 200 தொழிலாளர்கள் மாண்டதாக அதிகாரப்பூர்வக் கணக்கு. நோயோடு ஊர் திரும்பிச் செத்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

வின்சென்சோ வேலா என்ற சிற்பி இதைக் கண்டு மனம் வெதும்பினார். சிறு வயதில் கல் உடைத்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை அவர். யாரும் கேட்காமலேயே, இறந்த தோழனைச் சுமந்து செல்லும் சுரங்கத் தொழிலாளர்களைச் சிற்பமாக வடித்தார். 'உழைப்பின் பலிகள்' என்று அதற்குப் பெயர். அதன் வெண்கல வார்ப்பு ஐரோலோவில் வைக்கப்பட்டது 1932இல்தான். சுரங்கம் திறந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து! 2016இல் அதே மலைக்கு அடியில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய சுரங்கம் திறக்கப்பட்டது. வேகமாகப் போக வேண்டுமென்றால் அதில் போகலாம். ஆனால், பழைய மலைப்பாதையிலும் ரயில் ஓடுகிறது. பாதை வளைந்து வளைந்து ஏறுவதால், வாசன் கிராமத்து மாதாகோவிலை மூன்று வெவ்வேறு உயரங்களிலிருந்து பார்க்கலாம். ஐரோலோவில் இறங்கி, அந்தச் சிற்பத்தின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

மேகத்துக்கு மேல் ஒரு நிலையம்

அடுத்தது, பெரும்பாலான சுற்றுப்பயணிகள் போகும் யுங்ஃப்ராவ்யோக். 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள ரயில் நிலையம். ஐரோப்பாவிலேயே மிக உயரமானது. அடோல்ஃப் குயர்-செல்லர் என்ற தொழிலதிபருக்கு 1893இல் இந்த எண்ணம் தோன்றியது. 1896இல் வேலை தொடங்கியது. ஏழு ஆண்டுகளில் முடியும் என்றார்கள். பதினாறு ஆண்டுகள் ஆயின. கனவு கண்டவர் 1899இலேயே காலமானார். 1912 ஆகஸ்ட் முதல் நாள், அந்நாட்டின் தேசிய தினத்தன்று, மேல் நிலையம் திறக்கப்பட்டது. பாதையின் நீளம் 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் 7 கிலோமீட்டர் மலைக்குள்ளேயே போகிறது. இங்கும் உழைத்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியர்கள். 30 பேர் உயிரிழந்தார்கள்.

அறுந்த கயிறு

கடைசியாக, செர்மாட். அங்கிருந்து பார்த்தால் 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் சிகரம் கூர்மையாக நிமிர்ந்து நிற்கும். 1865 ஜூலை 14ஆம் தேதி ஆங்கிலேயர் எட்வர்ட் விம்பர் உள்ளிட்ட ஏழு பேர் முதன்முதலாக அதன் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது ஒருவர் கால் வழுக்கியது. கயிறு அறுந்து நால்வர் விழுந்து மாண்டனர். பிழைத்தவர்கள் விம்பரும், செர்மாட்டைச் சேர்ந்த வழிகாட்டிகளான டாவ்க்வால்டர் தந்தையும் மகனும். புகழ் விம்பருக்குப் போனது. கயிற்றை அறுத்தவர் என்ற சந்தேகமோ தந்தையைத் தொடர்ந்தது. விசாரணையில் அவர்மேல் குற்றம் இல்லை என்று முடிவான பிறகும் பேச்சு நிற்கவில்லை. அறுந்த கயிற்றின் துண்டு இன்றும் செர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிகரத்தைப் படம் எடுப்பவர்கள் அதையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

நமக்கும் உறவு உண்டு

இது யாருடைய கதையோ என்று நாம் இருந்துவிட முடியாது. 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் அகதிகளாகச் சுவிட்சர்லாந்துக்குப் போனார்கள். உணவகச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவித்தான் அவர்களில் பலர் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். முன்பு இத்தாலியர் செய்ததுபோல, பிறர் செய்யத் தயங்கிய வேலைகளைச் செய்தார்கள். இன்று அங்கே முருகன் கோயில்கள் இருக்கின்றன, தேர் ஓடுகிறது. அவர்கள் பிள்ளைகள் அந்நாட்டில் படித்து முன்னேறியிருக்கிறார்கள்.

நம் பினாங்குக் கொடிமலையில் 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலுக்கும் சுவிஸ் மலை ரயில்கள்தாம் முன்மாதிரி. கோத்தார்டில் ரயில் ஓடி மூன்றே ஆண்டுகளில், 1885இல், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. பின்னர், போர்க்காலத்தில் சயாம் மரண ரயில் பாதையில் நம்மவர் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அதே பாதையில் செத்த நம்மவரில் மிகப் பலருக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். சுவிட்சர்லாந்துக்குப் போகிறவர்கள் பனியைப் பாருங்கள், ஏரியைப் பாருங்கள், சாக்லெட் வாங்குங்கள். கூடவே, சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து சன்னல் இருண்டுபோகும்போது, அதைக் குடைந்த கைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். போக வசதி இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் தண்டவாளத்திலோ தோட்டத்திலோ உழைத்த பெரியவர் ஒருவர் இருந்தால், இந்த வாரமே அருகில் உட்கார்ந்து அவருடைய பெயரையும் ஊரையும் செய்த வேலையையும் கேட்டு எழுதி வையுங்கள். அதற்கு விமானச் சீட்டு வேண்டியதில்லை.