கார் நிக்கோபார்: கடல் அழித்த விமானத் தளத்தை ஏன் அதே இடத்தில் கட்டினார்கள்?

2016 டிசம்பர் 12, வர்தா புயல். நான் அப்போது ஏழாவது படித்துக் கொண்டிருந்தேன். வேலப்பன்சாவடியில் எங்கள் தெருமுனையில் ஒரு லேத் பட்டறை. அதன் சிமென்ட் ஷீட் கூரை மொத்தமும் பறந்துபோய் துண்டு துண்டாக ரோடெல்லாம் கிடந்தது. பட்டறைக்காரர் பத்துப் பன்னிரண்டு நாளில் அதே இடத்தில் புதுக் கூரை போட்டு மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். "ஏண்ணே, வேற நல்ல பில்டிங்கா பாத்திருக்கலாமே" என்று அப்பா கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "கூரைய காசு குடுத்தா வாங்கிடலாம் சார். இருவது வருசமா கஸ்டமர் தேடி வர்ற எடத்த எந்தக் கடையில வாங்கறது?"

பி.காம். சேர்ந்து 'குட்வில்' பாடம் நடத்தியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பட்டறைதான் :-)

இந்தக் கதையை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. சில வாரமாக ஒரு கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. புயலோ சுனாமியோ வந்து ஒரு ராணுவத் தளம் அப்படியே அழிந்துபோனால், அதே இடத்தில் மறுபடி கட்ட வேண்டுமா, இல்லை கைகழுவிவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டுமா? கம்பெனியாக இருந்தால் இன்சூரன்ஸ் பணம் வரும், கணக்குப் போட்டு முடிவெடுப்பார்கள். அரசாங்கம் பொதுவாகத் தன் கட்டடங்களை இன்சூர் செய்வதில்லை. நஷ்டம் முழுக்க கஜானாவுக்குத்தான், அதாவது நமக்குத்தான். இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் பெரிய உதாரணம், சென்னையிலிருந்து கடல் தாண்டி ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் இருக்கிறது. கார் நிக்கோபார். விமானப்படைக்காரர்கள் செல்லமாக 'கார்னிக்' என்பார்கள்.

வரைபடத்தில் பார்த்தால் அந்தமானுக்குத் தெற்கே, பத்து டிகிரி கால்வாயைத் தாண்டியதும் வரும் முதல் தீவு. சுமார் 127 சதுர கிலோமீட்டர். மலை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, கிட்டத்தட்டத் தட்டையான நிலம். விமானம் இறங்க இதைவிட வசதி இல்லை. கடல் உள்ளே வந்தால் ஏறி நிற்க இதைவிட மோசமான இடமும் இல்லை.

அங்கே முதலில் விமான ஓடுதளம் போட்டவர்கள் ஜப்பானியர்கள். 1942இல் அந்தமான் நிக்கோபாரைப் பிடித்து 1945 வரை வைத்திருந்தார்கள். தீவின் ஆதிக்குடிகளான நிக்கோபாரிகளை அடித்து வேலை வாங்கித்தான் அந்த ஓடுதளம் உருவானது. அந்தக் கொடுமையில் தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். பிற்பாடு பிஷப் ஆனார், 1952இல் அமைந்த முதல் மக்களவையில் அந்தத் தீவுகளின் நியமன உறுப்பினராகவும் இருந்தார். சுதந்திரத்துக்குப் பின் ஓடுதளம் இந்திய விமானப்படையின் கைக்கு வந்தது. மலாக்கா ஜலசந்திக்குப் போகும் கப்பல் பாதையைக் கண்காணிக்க இதைவிடத் தோதான இடம் நமக்கு அதிகம் இல்லை. (தளத்துக்குப் பக்கத்திலேயே உள்ள ஒரு கிராமத்தின் பெயரும் மலாக்காதான். அந்த மலாக்கா வேறு, இது வேறு. நான் முதலில் குழம்பினேன்.)

இப்போது 2004 டிசம்பர் 26க்கு வருவோம். எனக்கு அப்போது ஏழு மாதம், அதனால் எல்லாமே படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29க்கு சுமத்ரா அருகே பூகம்பம், ரிக்டர் கணக்கில் 9க்கு மேல். கார் நிக்கோபார் தளத்தில் குடும்பங்கள் தங்கியிருந்த குவார்ட்டர்ஸ் கடலைப் பார்த்தாற்போல் கரையோரமாகவே இருந்தது. லீவு நாள் காலை, எல்லோரும் வீட்டில். ஆட்டத்துக்குப் பயந்து வெளியே ஓடி வந்தவர்கள் மீது அடுத்து கடல் வந்தது. விமானப்படை வீரர்களும் அவர்கள் மனைவி குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். போரில் அல்ல, வீட்டு வாசலில்.

எனக்குப் படிக்கப் படிக்க ஆறாத இடம் இதற்கு அடுத்தது. அப்போதைய விமானப்படைத் தளபதி கிருஷ்ணசாமி பிறகு பத்திரிகைக்குச் சொன்னபடி, 7.50 வாக்கில் அந்தத் தளத்திலிருந்து சென்னையில் உள்ள விமானப்படைப் பிரிவுக்குக் கடைசியாக ஒரு செய்தி வந்தது. தீவு மூழ்குகிறது, எங்கே பார்த்தாலும் தண்ணீர் என்று. அத்தோடு தொடர்பு அறுந்தது. மெரினாவில் அலை ஏறியது 9 மணி வாக்கில்!! நடுவில் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் மெரினாவிலோ நாகப்பட்டினத்திலோ ஒருவருக்கும் தகவல் போகவில்லை. வானிலைத் துறை அனுப்பிய பேக்ஸ் அப்போதைய அமைச்சருக்குப் பதிலாக முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போன கூத்தும் அன்றுதான் நடந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய எட்டாயிரம் உயிர்.

யாரையும் குறை சொல்வது சுலபம். சுனாமி என்ற சொல்லே அன்றைக்கு நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் ஒன்று. 1881 டிசம்பர் 31 அன்று இதே கார் நிக்கோபார் அருகே பெரிய பூகம்பம் ஒன்று வந்தது. அதனால் எழுந்த அலை, சின்ன அலைதான், வங்காள விரிகுடா துறைமுகங்களின் கடல்மட்டக் கருவிகளில் பதிவாகி இருந்தது, மெட்ராஸ் உட்பட. அந்தப் பழைய பதிவுகளை வைத்து ஆர்ட்டிஸ், பில்ஹாம் என்ற இரு விஞ்ஞானிகள் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது 2003இல். அதாவது ஒரே ஒரு வருடம் முன்னால்.

சரி, தளத்துக்கு வருவோம். கட்டடங்கள் தரைமட்டம். ஆனால் ஓடுதளத்தில் ஒரு பகுதிதான் சேதமாகியிருந்தது, மிச்சம் தாங்கியது. அங்கிருந்த எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் தண்ணீரில் மாட்டியவர்களைத் தூக்கின. மிஞ்சிய ஓடுதளத்தில் அன்றைக்கே ஏஎன்-32 சரக்கு விமானம் வந்து இறங்கியது. படகுத்துறைகள் உடைந்துபோனதால் கப்பல் அணைய வழியில்லை. தீவில் உயிரோடு இருந்த அத்தனை பேருக்கும் தண்ணீரும் மருந்தும் வர, காயம்பட்டவர்கள் வெளியேற, அந்த அரைகுறை ரன்வே ஒன்றுதான் வழி. தளத்தை மறுபடி கட்டலாமா என்ற விவாதம் பெரிதாக எழாததற்கு இதுவே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். அந்த வாரத்தில் தீவையே பிழைக்க வைத்தது அதுதானே?

மீதிப் பாதி காரணம் நம் பட்டறைக்காரர் சொன்னதுதான். இடம்.

இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்காவில் இருக்கிறது. 1992 ஆகஸ்ட் 24, ஆண்ட்ரூ சூறாவளி. ஃப்ளோரிடாவின் ஹோம்ஸ்டெட் விமானப்படைத் தளம் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டது. அதிபர் சீனியர் புஷ், திரும்பக் கட்டுவோம் என்று வாக்குக் கொடுத்தார் (தேர்தல் வருடம்!). அடுத்த வருடமே, எந்தத் தளங்களை மூடலாம் என்று ஆராய்ந்த கமிஷன் வேறு மாதிரி சொல்லிவிட்டது. கடைசியில் அது ரிசர்வ் படைக்கான சிறிய தளமாகச் சுருங்கியது. காசு இல்லாமலா? இல்லை. அந்தத் தளத்தின் மதிப்பே கூப்பிடு தூரத்தில் கியூபா இருப்பதுதான். 1991இல் சோவியத் யூனியன் உடைந்த பிறகு அந்த இடத்தின் விலை இறங்கிவிட்டது. அதே ஃப்ளோரிடாவில் 2018 அக்டோபரில் மைக்கேல் சூறாவளி டிண்டால் தளத்தைச் சூறையாடியபோது, சுமார் 500 கோடி டாலர் போட்டு அங்கேயே கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். காரணம், அதன் எதிரே விமானிகள் பயிற்சி எடுக்கப் பரந்து கிடக்கும் வளைகுடா வான்வெளி. பழைய எஃப்-22 விமானப் பயிற்சி அங்கே திரும்பவில்லை. 2023இல் எஃப்-35 விமானங்கள் வந்தன. கடை அதே, சரக்கு வேறு.

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள ராமேஸ்வரம் போதும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும் போனது, பாம்பன் பாலமும் போனது. பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலுக்குள். இளம் பொறியாளர் ஸ்ரீதரன் (பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ புகழ்) பொறுப்பில் 46 நாளில் பாலம் எழுந்து நின்றது. தனுஷ்கோடியோ வசிக்கத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டு அப்படியே விடப்பட்டது. தலைமன்னார் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட ஆரம்பித்தது. தனுஷ்கோடி செய்த வேலையைச் செய்ய பக்கத்திலேயே இன்னொரு ஊர் இருந்தது. பாலத்துக்கு அப்படி ஒரு மாற்று இல்லை. கணக்குப் பாடத்தில் ஒன்றை ரிப்பேர் என்று எழுதுவோம், மற்றதை ரைட் ஆஃப் என்று எழுதுவோம், அவ்வளவுதான்.

கார் நிக்கோபாருக்கும் மாற்று இல்லை. இந்தியாவின் முதல் முப்படைக் கூட்டுக் கட்டளையகம் அந்தமான் நிக்கோபாரில் 2001இல்தான் தொடங்கியிருந்தது. மூன்றே வருடத்தில் தெற்குப் பக்கத்து விமானத் தளத்தைக் கைவிட்டால் பிறகு எதற்கு அது?

ஆனால் கட்டுவது லேசான வேலை இல்லை. சிமென்ட்டும் கம்பியும் பெரும்பாலும் நம் கரையிலிருந்து கப்பலில் போக வேண்டும், இறக்கத் துறை இல்லை. போதாக்குறைக்கு நிலமே தாழ்ந்துவிட்டது. கார் நிக்கோபார் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியது. தெற்குக் கோடி இந்திரா முனையில் நான்கு மீட்டருக்கு மேல். அலை திரும்பிப் போனாலும் கடல் பழைய கரைக்குத் திரும்பவில்லை. ஓடுதளத்தை நகர்த்த முடியாது, வீட்டை நகர்த்தலாம். குடியிருப்புகளைக் கரையை விட்டு உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும் என்பது அப்படித்தான் வந்தது. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் திறக்கப்பட்டது. 7.50க்கு வந்தது போல் ஒரு செய்தி இனி வந்தால், அதை யாருக்குச் சொல்வது என்ற குழப்பம் வரக்கூடாது என்பதற்காக.

சென்னைக்கும் அந்தத் தீவுகளுக்குமான வான்வழி இன்றும் அவ்வளவு சாதாரணம் இல்லை. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) 29 பேருடன் கிளம்பிய ஏஎன்-32 ஒன்று 2016 ஜூலை 22 அன்று காணாமல் போனது நினைவிருக்கும். அதன் பாகங்கள் கடலடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது 2024 ஜனவரியில்தான்.

இதுவரை போட்ட கணக்கு எல்லாம் தளத்துக்கு. தீவுக்காரர்கள் கணக்கு இன்னும் போடவில்லை.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கார் நிக்கோபாரில் இருந்தவர்கள் 20 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல். 2011இல் 18 ஆயிரத்துக்கும் கீழே. கரையோரக் கிராமங்கள் எல்லாம் உள்ளே போக வேண்டி வந்தது. கழி மேல் தேன்கூடு மாதிரி வட்டமாக நிற்கும் அவர்களுடைய குடிசைகளுக்குப் பதில் முதலில் தகரக் கொட்டகை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தகரத்துக்குக் கீழே மதியம் எப்படி இருக்கும் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் மே மாதம் ஷெட்டில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். அதில் வருடக்கணக்கில் இருந்தார்கள். பிறகு இரும்புச் சட்டம் வைத்த அரசாங்க வீடு, ஒரு குடும்பத்துக்கு ஒன்று. பெரிய கூட்டுக் குடும்பமாக, நிலமும் தோப்பும் பொதுவாக வைத்து வாழ்ந்தவர்களுக்கு அது எந்த அளவில் பொருந்தும்?

அவர்களுடைய வருமானம் கொப்பரை. கடலோரத் தென்னைகள் அலையிலும் உப்புத் தண்ணீரிலும் போயின. விமானப்படைக்கு மிஞ்சிய ரன்வே அன்று மத்தியானமே வேலைக்கு வந்தது. புதிதாக நட்ட நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும்.