கொந்துதல் (கணினி)

கொந்துதல் என்பது கணினியையோ வேறொரு பொறியையோ யாரும் கற்றுத்தராமல் தானே துருவிப் பார்த்து, அதன் உள்ளியக்கத்தை அறிந்து, அதைச் செய்தவர் நினைத்திராத வேலையையும் அதைக்கொண்டு செய்விப்பது. ஆங்கில ‘ஹேக்கிங்’குக்கு ஈடாக வழங்கும் சொல், செய்பவர் கொந்தர். அணில் பழத்தைக் கொந்தும் வழக்கிலிருந்து வந்தது என்பர். பேச்சுத் தமிழில் இதற்கு இன்னும் நெருங்கிய சொல் ‘நோண்டுதல்’. ரேடியோவைக் கழற்றிப் பரப்பிவைத்த பிள்ளையைத் தாய் திட்டும்போது வாயில் வரும் சொல் அது. ஏனோ கலைச்சொல்லாக நிலைபெறவில்லை. நாளிதழ்களில் ‘ஹேக்கிங்’ என்றால் பிறர் கணக்கில் புகுந்து திருடுவது என்ற பொருளே பெருவழக்கு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றமே இச்சொல்லின் பிறந்தகமாகச் சொல்லப்படுகிறது. மின்னிணைப்புகளில் ‘ஹேக்’ செய்வோர், ஃபியூஸ் போகாதிருக்க முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும் என்று அம்மன்றத்தின் 1955-ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்பு ஒன்று கேட்டுக்கொள்கிறது. குற்றப்பொருளைப் பத்திரிகைகள் பிற்காலத்தில் ஏற்றின என்பது கொந்தர்களின் வாதம். ஆனால் 1963-இலேயே அக்கழகத்து மாணவர் இதழ், தொலைபேசி இணைப்புகளில் விஷமம் செய்தவர்களைக் குறிக்க இச்சொல்லை ஆண்டிருப்பதால், இரு பொருளும் ஏறத்தாழ உடன்பிறந்தவை என்போரும் உளர். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் (2000) 66-ஆம் பிரிவின் தலைப்பிலேயே ‘ஹேக்கிங்’கைக் குற்றமாக வைத்தது, 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சொல்லை நீக்கி, ‘கணினி தொடர்பான குற்றங்கள்’ என்று மாற்றியது.

தமிழ் எழுத்துருக் காலம்

தமிழில் இக்கலை செழித்தது 1980-களின் நடுவிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள். அன்றைய கணினிக்குத் தமிழ் தெரியாது. கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’, மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ ஆகிய தமிழ் மென்பொருள்களை 1984, 1985 வாக்கில் உருவாக்கினர், எது முந்தியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிங்கப்பூரில் தமிழாசிரியரும் சிறுகதையாசிரியருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ மென்பொருளை உருவாக்கினார். 1995-இல் அவர் முயற்சியால் வெளிவந்த கவிதைத் தளமே இணையத்தின் முதல் தமிழ்ப் பக்கம் எனப் பலரும் கொள்வர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராயிருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைத் தந்தார். தமிழ் நூல்களை மின்வடிவாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் அவரே முன்னின்றார்.

இவர்கள் கையாண்ட உத்தி எளியது, கொஞ்சம் குறும்பும் கலந்தது. கணினியின் எழுத்துப் பட்டியலில் இருந்தவை 256 இடங்களே. அவற்றில் பாதியை ஆங்கிலமும் எண்களும் குறிகளும் பிடித்துக்கொண்டிருந்தன. 247 எழுத்துகளுக்கு எங்கே போவது? ‘மயிலை’ ஆங்கில எழுத்துகளின் நாற்காலிகளிலேயே தமிழ் வடிவங்களை உட்கார வைத்தது. தான் ஆங்கிலம் காட்டுவதாகவே கணினிக்கு நினைப்பு. திரையில் தெரிந்ததோ தமிழ். ‘கொ’ வேண்டுமானால் கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகள், கையால் எழுதும் அதே வரிசையில். பெறுபவரிடம் அதே எழுத்துரு இல்லாவிட்டால், பாசமாக எழுதிய கடிதம் குறிகளின் குப்பையாகப் போய்ச் சேரும். ஆளுக்கொரு எழுத்துருவாகப் பெருகவே, மின்னஞ்சலிலேயே வாதாடி உருவாக்கிய தரப்பாடு ‘திஸ்கி’. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி, உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலுமாக அமைந்த ‘தமிழ்99’ விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் வந்தன. பின்னர் ஒருங்குறி (யூனிகோட்) பரவியபோது, அதிராம்பட்டினத்து உமர் தம்பி (1953–2006) ‘தேனீ’ எழுத்துருவை விலையின்றி வழங்கினார். முகுந்தின் ‘எ-கலப்பை’ தட்டச்சு மென்பொருளும் அவ்வாறே பரவியது.

சிதம்பரமும் கடலூரும்

கணினிக்கு முந்திய கொந்துதலுக்குச் சிதம்பரம் இரு சான்றுகள் தருகிறது. முதலாவது திருமுறைகண்ட கதை. தில்லை எனப்படும் சிதம்பரத்துக் கோயிலில் தேவார ஏடுகள் பூட்டிய அறைக்குள் கிடந்தன. பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றனர் தில்லைவாழ் அந்தணர். மன்னனோ மூவரின் திருவுருவங்களை ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினான், கதவு திறந்தது. பூட்டில் கைவைக்காமல் நிபந்தனையின் சொல்லைக் கொண்டே அதைத் திறந்த இந்த உத்தியை, இன்றைய பாதுகாப்பு வல்லுநர் யாரும் உடனே அடையாளம் கண்டுகொள்வர். மன்னன் முதலாம் இராசராசன் என்பது பெருவழக்கு. வேறு சோழரைச் சொல்வோரும் உண்டு. கதையைக் கூறும் புராணம் உமாபதி சிவாசாரியார் இயற்றியதா என்பதும் ஐயத்துக்குரியது. ஏடுகளில் பெரும்பகுதியைச் செல் அரித்துவிட்டது என்பதில் மட்டும் கதை சொல்வோரிடையே வேறுபாடில்லை.

இரண்டாவது விபுலாநந்த அடிகள். இலங்கையின் காரைதீவில் பிறந்த அவர், சிதம்பரத்தில் 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியர், படித்ததோ அறிவியல். வழக்கொழிந்த யாழ் எப்படி இருந்தது, எப்படி ஒலித்தது என்பதை, சிலப்பதிகார அரங்கேற்று காதையின் சில அடிகளைப் பிடித்துக்கொண்டு, நரம்புகளின் சுருதியைக் கணக்கிட்டே தேடினார். ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் அரங்கேறியது. மறுமாதம் அவர் மறைந்தார்.

கணினிக் காலத்துக்கு வந்தால், சிதம்பரம் அடங்கிய, கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து 1993-இல் பிரிந்த விழுப்புரத்தில், 2013-இல் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று தொடங்கி, கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகிறது. 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் காலக் கணினிகளில் விண்டோசோடு கட்டற்ற மென்பொருளான ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது.