தென்தமிழகக் கடலோரத்தில் பறவை நோக்குமிடங்கள்

ராமேசுவரம் தீவிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் கடற்கரையும், அதை ஒட்டிய கண்மாய்கள், குளங்கள், உப்பளங்களும் தென்னிந்தியாவில் நீர்ப்பறவைகளைப் பார்க்க ஏற்ற இடங்களில் முக்கியமானவை. ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் இவை பரவிக் கிடக்கின்றன. குமரியைத் தவிர்த்தால் பெரும்பாலும் வறண்ட நிலம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே குளம் நிறையும். எந்தக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்தே பறவைகளும் அமையும். மழை பொய்த்த ஆண்டில் சில சரணாலயங்களில் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

இங்கு காணும் நீர்ப்பறவைகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன் போன்றவை குளத்து மரங்களில் கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பவை. உள்ளான்கள், ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து முதலியவை வடக்கே இனப்பெருக்கம் முடித்து, புரட்டாசிக்குப் பிறகு வலசை வந்து பங்குனிவாக்கில் திரும்புபவை. முதல் வகைக்குக் குளங்களுக்கும், இரண்டாம் வகையின் பெருங்கூட்டங்களுக்குக் கழிமுகங்களுக்கும் உப்பளங்களுக்கும் போக வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்புவோர்க்குத் தை, மாசி மாதங்கள் பொருந்தும்.

கூந்தன்குளம்

ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் கூந்தன்குளத்துக்குப் போகலாம். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில், கடலிலிருந்து சற்று உள்ளே இருக்கும் இக்குளம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அறிவிக்கப்பட்ட ராம்சார் ஈரநிலங்களிலும் இடம்பெற்றது. மணிமுத்தாற்றுக் கால்வாய் நீரும் மழைநீரும் குளத்தை நிரப்புகின்றன.

இதன் சிறப்பு, பறவைகள் ஊருக்குள்ளேயே குடியிருப்பதுதான். தெருவோர வேம்பிலும் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு வைக்கின்றன. எச்சத்தின் வாடையையும் இரைச்சலையும் ஊரார் பொறுத்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வேறிடங்களில் தொலைநோக்கி வழியாகவே தெரியும் காட்சியை இங்கே திண்ணையில் நின்று பார்க்கலாம்: கூழைக்கடாக் குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் கழுத்துவரை தலையை நுழைத்து, உள்ளே இருக்கும் அரைச்செரிமான மீனைத் தின்னும். முதன்முறை பார்ப்பவருக்குத் தாய் குஞ்சை விழுங்குவதுபோலவே தோன்றும்.

குளிர்காலத்தில் குளத்தின் திறந்த நீர்ப்பரப்பில் பட்டைத்தலை வாத்துகளைத் தேட வேண்டும். திபெத், லடாக் பகுதிகளில் இனப்பெருக்கம் செய்து இமயமலையைத் தாண்டி வரும் இவ்வாத்துகள் இவ்வளவு தெற்கே கூட்டமாகத் தென்படும் இடங்கள் குறைவு.

ராமநாதபுரம் கண்மாய்கள்

சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் ஆகிய இரண்டும் 1989இல் சரணாலயங்களாயின. சாயல்குடி பக்கத்தில் மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், 593 எக்டேர் பரப்புள்ளது. தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை ஆகியவை பின்னால் சேர்ந்தவை. எல்லாமே பாசனத்துக்காக மனிதர் வெட்டிய கண்மாய்கள். உள்ளே நிற்கும் கருவேல மரங்களில்தான் கூடுகள். கரைமேல் நடந்தபடியே பார்க்கலாம் என்பது வசதி. மழையைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு பறவைகள் கண்மாய் மாறும் என்பதால், கிளம்புமுன் வனத்துறையினரிடமோ உள்ளூர்க்காரர்களிடமோ தண்ணீர் நிலவரம் கேட்டுக்கொள்வது நல்லது.

தனுஷ்கோடியும் தீவுகளும்

ராமேசுவரம் தீவின் ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. அலையடங்கிய முன்னதை மீனவர்கள் பெண்கடல் என்றும், பின்னதை ஆண்கடல் என்றும் அழைக்கின்றனர். தனுஷ்கோடிச் சாலையில் கோதண்டராமர் கோயிலை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பில் தை முதல் பங்குனி வரை பூநாரைகள் கூடும். 2025 ஜூனில் இப்பகுதி பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரை தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழாக இருக்கும்படி நீரில் வைத்து மேயும். பருத்த நாக்கு நீரை இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்திலுள்ள நுண்ணிய தகடுகள் இறால் போன்ற சிற்றுயிர்களை வடிகட்டிக்கொள்கின்றன. இறகுக்கு இளஞ்சிவப்பு வருவதும் இந்த இரையால்தான். படம் எடுக்கும் ஆசையில் சேற்றில் இறங்கிப் போவோரால் கூட்டம் முழுவதும் மேய்ச்சலை விட்டுப் பறக்கும். சாலையிலிருந்து பார்ப்பதே போதும்.

அரிச்சல்முனையில் கடற்காகங்களும் ஆலாக்களும் மணல்திட்டுகளில் வரிசையாக அமர்ந்திருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. இவற்றில் மனோலித் தீவின் சேற்றுப்பரப்பு உள்ளான்களுக்கும், கறுப்பு வெள்ளையில் தடித்த அலகுடன் நிற்கும் நண்டுண்ணிக்கும் பெயர்பெற்றது. ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் தீவுகளில் கால்வைக்க முடியாது. படகில் போய்ப் பார்க்க விரும்புவோர் பாக் நீரிணைக் கரையிலுள்ள காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குச் செல்லலாம்.

தூத்துக்குடி உப்பளங்கள்

சரணாலயம் என்று எவரும் அறிவிக்காத இடம் இது. உள்ளான் பிரியர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடைப்பது அரிது. உப்பு விளையும் பாத்திகளில் பறவை குறைவு. கடல்நீரை முதலில் தேக்கும் பெரிய பரப்புகளில்தான் நெடுங்கால் உள்ளான், பவளக்காலி, கொசு உள்ளான் எல்லாம் மேயும். பல உள்ளான்களின் நிறம் பழுப்பாகவே இருப்பதால் அளவு, கால் நிறம், அலகின் வளைவு ஆகியவற்றை ஒப்பிட்டு அடையாளம் காணப் பழக வேண்டும். காலையில் கிழக்கு வரப்பில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில் விழும். பல உப்பளங்கள் தனியாருடையவை. காவலரிடம் கேட்டுவிட்டே நுழைய வேண்டும். தெற்கே புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் கலக்கும் கழிமுகமும் பார்க்கத் தக்கது.

குமரிக் குளங்கள்

சுசீந்திரம், தேரூர், வேம்பனூர்க் குளங்கள் நாகர்கோவிலை ஒட்டியவை, பேருந்திலேயே போய்வரலாம். கவிமணி பிறந்த தேரூரில் தாமரை இலைகள்மேல் நீளவால் இலைக்கோழி நடப்பதையும், கரையோரப் புதரில் நீலத் தாழைக்கோழியையும் எளிதில் காணலாம். பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் உண்டு. அருகிலுள்ள புத்தளம் உப்பளங்களில் ஆலாக்களும் உள்ளான்களும் திரளும்.

பயணக் குறிப்புகள்

8×42 அளவுள்ள தொலைநோக்கி எல்லா இடத்துக்கும் பொருந்தும். உப்பளங்களுக்கு மட்டும் முக்காலியில் நிற்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி இருந்தால் நல்லது. ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ புதிதாகத் தொடங்குவோருக்கு உதவும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஒவ்வோர் ஆண்டும் தை மாதவாக்கில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் சேர்ந்துகொள்ளலாம். வழக்கமாகச் சரணாலயம் தேடிப் போவோர் எட்டிப் பார்க்காத குளங்களுக்கும் அதில் வழி கிடைக்கும்.